உள்ளூர் மின்னணுப் பழுதுபார்ப்பு நிலையம்

உள்ளூர் மின்னணுப் பழுதுபார்ப்பு நிலையம் என்பது, வீடுகளில் பயன்படும் மின், மின்னணுப் பொருள்களை அந்த ஊரிலேயே, முன்கூட்டி அறிவித்த கட்டணத்தில், ரசீதும் உத்தரவாதமும் கொடுத்துச் சரிசெய்து தரும் சிறு நிறுவனம் ஆகும். மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, தொலைக்காட்சி, செட்டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர், கைபேசி, மடிக்கணினி முதலியவை இதன் எல்லைக்குள் வரும். குளிர்சாதனப் பெட்டி, ஏ.சி. ஆகியவற்றில் கேஸ் நிரப்பும் வேலை தனித்தொழில். அவற்றின் மின்னணுப் பலகை மட்டும் இங்கே வரலாம்.

ரிப்பேர் கடை நமக்குப் புதிதல்ல. வால்வு ரேடியோ காலத்திலிருந்து ஒவ்வோர் ஊரிலும் இருந்தது. ஆனால் பல ஊர்களில் அந்தக் கடை மூடப்பட்டு, அந்த இடத்தில் கைபேசி ரீசார்ஜ் கடையோ தவணைக்குப் பொருள் விற்கும் கடையோ வந்துவிட்டது. பழுதான பொருள் பரணில் ஏறுகிறது. பிறகு பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போகிறது. ஒரு வட்டத் தலைநகர் அளவுள்ள ஊரில் இந்தத் தொழிலைப் புத்தொழிலாக, அதாவது ஸ்டார்ட்அப் ஆக, மறுபடியும் தொடங்கி நடத்த முடியுமா, அதற்குக் கட்டணம் எவ்வளவு வைக்க வேண்டும், எந்த வேலையை ஏற்க வேண்டும், எதை ஏற்கக் கூடாது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. தொழிற்பயிற்சி நிலையத்திலும் பாலிடெக்னிக்கிலும் படிக்கும் மாணவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

பின்னணி

தமிழ்நாட்டு வீடுகளில் மின்பொருள்கள் பெருகியதற்கு வருமான உயர்வு ஒரு காரணம். அரசுத் திட்டங்கள் மற்றொரு காரணம். 2006இல் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. 2011இல் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டமும் மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கும் திட்டமும் தொடங்கின. அதுவரை அம்மிக்கல்லும் ஆட்டுக்கல்லும் மட்டுமே இருந்த வீட்டுக்கும் மோட்டார் வந்தது. ஆனால் பொருள் வந்து சேர்ந்த வேகத்தில் அதைப் பழுதுபார்க்கும் ஏற்பாடு வந்து சேரவில்லை. நான் கடைசியாகப் பணியாற்றிய ஊரில், மிக்சிக்குக் கார்பன் பிரஷ் மாற்றப் பதினெட்டு கிலோமீட்டர் பேருந்தில் போக வேண்டியிருந்தது. பிரஷ்ஷின் விலையைவிடப் பேருந்துக் கட்டணம் அதிகம்.

உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்ற இடம் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. நரசிங்கபுரம் தெரு முதலிய பக்கத்துத் தெருக்களையும் சேர்த்தே ரிச்சி தெரு என்று சொல்வது வழக்கம். மின்தடை ஒன்றிலிருந்து மடிக்கணினித் திரை வரை அங்கே கிடைக்கும். மாவட்டத்து மெக்கானிக்குகள் பலர் இன்றும் பட்டியல் எழுதிக்கொண்டு அங்கே போய் வருகிறார்கள். ஆகவே உதிரிபாகம் கிடைக்காததுதான் சிக்கல் என்று சொல்வதற்கில்லை.

செலவு எங்கே இருக்கிறது

பழுதான பொருளைக் கடையில் வைத்ததும் வாடிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வி, “இதுக்கு எவ்வளவு ஆகும்?” மெக்கானிக் சொல்லும் பதில், “பிரிச்சுப் பார்த்தாத்தாங்க தெரியும்.” இரண்டுமே நியாயமானவை. இந்தத் தொழிலின் பொருளாதாரம் முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

பழுதுபார்ப்பில் மூன்று செலவுகள் உண்டு: பாகத்தின் விலை, அதைக் கழற்றி மாட்டும் உழைப்பு, எது பழுது என்று கண்டுபிடிக்கும் நேரம். மெதுவாகச் சுற்றும் மின்விசிறியை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் காரணம் மின்தேக்கி வலுவிழந்தது. கடைகளில் இதைக் கன்டென்சர் என்பார்கள். 2.5 மைக்ரோஃபாரட் அளவுள்ள அதன் விலை நூறு ரூபாயைத் தாண்டாது. மாற்றப் பத்து நிமிடம் போதும். காரணம் முன்பே தெரிந்திருப்பதால் இந்த வேலை மலிவு. மாறாக, ‘சிவப்பு விளக்கு எரிகிறது, படம் வரவில்லை’ என்று வரும் எல்இடி தொலைக்காட்சியில் பழுது மின்வழங்கிப் பலகையிலா, முதன்மைப் பலகையிலா, திரையின் பின்னொளிப் பட்டையிலா என்று கண்டறியவே ஒன்றரை மணி நேரம் போகலாம். கடைசியில் மாற்றிய பாகம் முப்பது ரூபாயாக இருக்கலாம். அல்லது, ‘பேனல் போய்விட்டது, பிரயோசனமில்லை’ என்று திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கலாம். திருப்பிக் கொடுத்தால் அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு யார் பணம் தருவது?

பெரிய சேவை மையங்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துள்ளன. பழுதைத் தேடுவதில்லை, பலகையை முழுதாக மாற்றிவிடுகின்றன. பலகைக்கு எண் உண்டு, விலை உண்டு, அரை மணி நேரத்தில் வேலை முடியும். நிறுவனத்தின் கணக்கில் அது சரியே. வாடிக்கையாளரின் கணக்கில் பொருளின் விலையில் பாதி போய்விடுகிறது. உள்ளூர்க் கடையோ தேடிக் கண்டுபிடிக்கிறது, ஆனால் தேடிய கூலியை வெளிப்படையாகக் கேட்கத் தயங்கி, மாற்றிய பாகத்தின் விலைமேல் ஏற்றிவிடுகிறது. முப்பது ரூபாய்ப் பாகத்துக்கு அறுநூறு ரூபாய் என்று தெரிந்தால் வாடிக்கையாளர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். உண்மையில் அவர் கொடுத்தது கண்டுபிடித்ததற்கான கூலி. அதை அப்படியே ரசீதில் எழுதியிருந்தால் சண்டை வந்திருக்காது.

ஒரு மாதிரிக் கணக்கு

கீழே உள்ளது எந்தக் கடையின் கணக்கும் அல்ல. மாணவர்கள் போட்டுப் பார்ப்பதற்கான உதாரணம். தங்கள் ஊர் வாடகையையும் கூலியையும் வைத்து எண்களை மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு தொழில்நுட்பர், ஓர் உதவியாளர். மாத வாடகை 6,000 ரூபாய். தொழில்நுட்பருக்கு 18,000, உதவியாளருக்கு 10,000. மின்கட்டணம் 1,500. ஈயம், ஃப்ளக்ஸ், ஆல்கஹால் போன்றவற்றுக்கு 2,000. உத்தரவாதத்தில் திரும்பி வரும் வேலைக்காக 1,500. கருவித் தேய்மானம் 1,000. மொத்தம் 40,000 ரூபாய். உதிரிபாக விலை இதில் இல்லை. அது வாடிக்கையாளரிடம் தனியே பெறப்படும்.

மாதம் 25 நாள், நாளுக்கு 8 பொருள் என்றால் 200 பொருள்கள். அவற்றில் 150 சரியாகின்றன, 50 திருப்பிக் கொடுக்கப்படுகின்றன என்று கொள்வோம். சரியானவற்றுக்கு மட்டும் பணம் வாங்கினால் ஒன்றுக்கு ஏறத்தாழ 267 ரூபாய் கூலி வைக்க வேண்டும். இதில், சரியாகாத ஐம்பது பொருளின் செலவைச் சரியான நூற்றைம்பது பேர் சுமக்கிறார்கள். இதற்குப் பதிலாகச் சோதனைக் கட்டணம் என்று எல்லோரிடமும் 50 ரூபாய் பெற்றால் 10,000 ரூபாய் கிடைக்கிறது. மீதி 30,000 ரூபாயை 150 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 200. சரியானவர் மொத்தம் 250 கொடுப்பார். சரியாகாதவர் 50 ரூபாய் கொடுத்து, ‘இன்ன காரணத்தால் சரிசெய்ய இயலாது’ என்று எழுதிய ஒரு சீட்டைப் பெறுவார். அந்தச் சீட்டுக்கு மதிப்பு உண்டு. இன்னும் நான்கு கடை ஏறி இறங்கும் அலைச்சல் மிச்சம்.

இன்னொன்றையும் இந்தக் கணக்குக் காட்டுகிறது. நாளுக்கு 8க்குப் பதில் 5 பொருளே வந்தால் மாதம் 125. ஒவ்வொன்றின் மேலும் 320 ரூபாய்ச் செலவு விழும். 12 வந்தால், அதே ஆட்களால் செய்து முடிக்கவும் முடிந்தால், சுமார் 133 ரூபாய். ஆகவே மலிவு என்பது கூலியைக் குறைப்பதால் வருவதில்லை. போதிய பொருள்கள் வந்து சேர்வதாலும், ஒவ்வொன்றுக்கும் ஆகும் தேடல் நேரம் குறைவதாலும் வருகிறது.

பொருள்கள் வந்து சேர வழி என்ன? பட்டறை ஒன்று போதும். சேகரிக்கும் இடங்கள் பல வேண்டும். சுற்றுக் கிராமங்களில் மளிகைக் கடை, பால் கூட்டுறவுச் சங்கம், இ-சேவை மையம், மகளிர் சுய உதவிக் குழு ஆகிய எதுவும் சேகரிப்பு இடமாக இருக்கலாம். பொருளுக்கு இவ்வளவு என்று அவர்களுக்கும் ஒரு தொகை தர வேண்டும். வாரச்சந்தை கூடும் ஊரென்றால் சந்தை நாளில் ஒரு மேசை போடலாம். காய்கறி வாங்க வருபவர் காலையில் மிக்சியைக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் வாங்கிக்கொள்வார். வீட்டுக்கே ஆள் அனுப்பும் முறை நகரத்துச் செயலிகளுக்கு ஒத்துவரலாம். ஒரு மிக்சிக்காக எட்டு கிலோமீட்டர் போய்வந்தால் பெட்ரோலுக்கே கூலி சரியாகிவிடும்.

பழுதுக் குறிப்பேடு

தேடல் நேரத்தைக் குறைக்கும் வழி எளியது: எழுதி வைப்பது. எந்தப் பொருள், எந்த மாடல், வாடிக்கையாளர் சொன்ன குறை என்ன, உண்மையில் கண்ட பழுது என்ன, மாற்றிய பாகம் எது, எத்தனை நிமிடம் ஆயிற்று என்று ஒவ்வொன்றுக்கும் ஆறு கட்டங்கள். ஐந்நூறு பதிவுகள் சேர்ந்த பின் அந்த ஏடு ஓர் ஆசிரியர் ஆகிவிடுகிறது. குறிப்பிட்ட மாடல் தொலைக்காட்சி குறிப்பிட்ட குறையோடு வந்தால், முதலில் தொட வேண்டிய இடம் எது என்று அது சொல்லும். ஒன்றரை மணி நேரம் இருபது நிமிடமாகும். எந்தப் பாகத்தை எத்தனை வாங்கி வைப்பது என்பதும் அதிலிருந்தே தெரியும். சாதாரண ரிப்பேர் கடையைப் புத்தொழிலாக மாற்றுவது செயலியோ இணையதளமோ அல்ல, இந்த ஏடுதான் என்பது என் கருத்து.

நம்மூர் மெக்கானிக்குகளிடம் இல்லாத அறிவு இல்லை. எழுதும் பழக்கம்தான் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு ரேடியோக்காரர், பெட்டியைத் தட்டும் ஓசையிலேயே பழுதைச் சொல்வார். முப்பத்தைந்து ஆண்டு அனுபவம். அவர் கடையை மூடியபோது மிஞ்சியவை ஒரு சால்டரிங் அயனும் இரண்டு டப்பா திருகாணியும். அவருக்குத் தெரிந்ததில் ஒரு வரிகூட எங்கும் இல்லை. அவரை எங்கள் பள்ளிக்கு அழைத்து ஒரு நாள் பேசச் சொல்லியிருக்கலாம் என்று பிறகுதான் எனக்குத் தோன்றியது.

வெளிநாட்டில் இதை எழுதி வைத்தவர்கள் உண்டு. 2003இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கைல் வீன்ஸ், லூக் சோல்ஸ் என்ற இரு மாணவர்கள், மடிக்கணினியைச் சரிசெய்யக் கையேடு கிடைக்காத அனுபவத்திலிருந்து ஐஃபிக்ஸிட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். பழுதுபார்க்கும் வழிகாட்டிகளைப் படங்களோடு யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட்டு, கருவிகளையும் உதிரிபாகங்களையும் விற்று வருமானம் பார்க்கிறார்கள். 2009 அக்டோபரில் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா என்ற பெண் பத்திரிகையாளர் முதல் ரிப்பேர் கஃபேயை நடத்தினார். மக்கள் பழுதான பொருளைக் கொண்டுவந்து, தன்னார்வலர்களோடு உட்கார்ந்து தாங்களே சரிசெய்யும் கூட்டம் அது. இன்று பல நாடுகளில் நடக்கிறது. ஆனால் அது தொழில் அல்ல. அங்கே கூலி கிடையாது. நம் ஊரில் கூலியின்றி மெக்கானிக் வாழ முடியாது. பள்ளிகளில் ஆண்டுக்கு இரண்டு முறை முகாமாக நடத்த அம்முறை நன்றாகப் பொருந்தும்.

அடிக்கடி வரும் பழுதுகள்

மிக்சியில் அதிகம் வருவன தேய்ந்த கார்பன் பிரஷ், உடைந்த கப்ளர், ஜாரின் அடியில் இறுகிப்போன புஷ். ‘திடீரென்று நின்றுவிட்டது’ என்று வருபவற்றில் கணிசமானவை பழுதே அல்ல. மிக்சியின் அடியில் அதிகச்சுமைத் தடுப்புப் பொத்தான் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் சிவப்பு நிறம். இட்லி மாவைக் கெட்டியாக அரைத்து மோட்டார் சூடானால் அது வெளியே தள்ளிக்கொள்ளும். சிறிது நேரம் ஆறவிட்டு அழுத்தினால் மிக்சி ஓடும். இதற்குப் பணம் வாங்காமல், பொத்தானைக் காட்டிக்கொடுத்து அனுப்ப வேண்டும். சோதனைக் கட்டணமும் கேட்கக் கூடாது. அந்த ஐம்பது ரூபாயை விட்டுக்கொடுத்தால் அந்தத் தெரு முழுக்க உங்கள் கடையைப் பற்றிச் சொல்லும்.

மின்னணுப் பலகைகளில் முதல் சந்தேகம் மின்பகு மின்தேக்கிமேல் விழ வேண்டும். அதனுள் இருக்கும் மின்பகு திரவம் வெப்பத்தால் மெல்ல உலர்ந்துபோகிறது. வெப்பநிலை 10 பாகை செல்சியசு கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் நடைமுறை விதி. 105 பாகையில் 2,000 மணி நேரம் என்று குறித்த மின்தேக்கி 65 பாகையில் இயங்கினால், நான்கு பத்துப் பாகை குறைவு; 2 × 2 × 2 × 2 = 16 மடங்கு; 32,000 மணி நேரம். அணைக்காமல் ஓடும் செட்டாப் பாக்ஸுக்கு இது மூன்றரை ஆண்டுக்குச் சற்று மேல். அழகுக்காக அதன்மேல் பூப்போட்ட துணி விரித்து உள்ளே 75 பாகை ஆக்கினால் 16,000 மணி நேரம், அதாவது இரண்டு ஆண்டுக்கும் குறைவு. அடுக்குக்குறி எதற்குப் பயன்படும் என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வது வழக்கம்.

பள்ளிக் கிடங்கில் ஒருமுறை எட்டுக் கணினித் திரைகள் ‘பயனற்றவை’ என்று அடுக்கப்பட்டிருந்தன. ஏலத்துக்கு முன் அனுமதி பெற்று ஒரு முன்னாள் மாணவரை வைத்துத் திறந்து பார்த்தோம். ஐந்தில் மின்வழங்கிப் பகுதியில் இருந்த மின்தேக்கிகளின் தலை புடைத்திருந்தது. மாற்றியதும் ஐந்தும் எரிந்தன. மீதி மூன்றிலிருந்து பாகங்களை எடுத்து வைத்துக்கொண்டோம்.

பூச்சியும் பல்லியும் தனி அத்தியாயம். இன்வெர்ட்டருக்குள்ளும் ஏ.சி. வெளிப்பெட்டிக்குள்ளும் கதகதப்புக்குப் பல்லி போகும். இரண்டு முனைகளை ஒருசேரத் தொட்டுப் பலகையையும் கருக்கித் தானும் கருகும். எறும்பு ஸ்விட்சுக்குள் கூடு வைக்கும். அயல்நாட்டு வழிகாட்டிகளில் இவற்றுக்கு அதிக இடம் இருக்காது. நம் குறிப்பேட்டில் தனிப் பக்கம் வேண்டும்.

கைபேசியில் ‘சார்ஜ் ஏறவில்லை’ என்பது மிகச் சாதாரணமான குறை. போர்ட்டுக்குள் சட்டைப்பை நூல்துகள் அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். திரை, பேட்டரி மாற்றுவது பழகக்கூடிய வேலை. ஆனால் சில நிறுவனங்கள் பாகத்தின் அடையாள எண்ணைக் கைபேசியோடு மென்பொருளால் பிணைத்து வைக்கின்றன. பாகம் நல்லதாக இருந்தாலும் எச்சரிக்கை வரும், சில வசதிகள் வேலை செய்யாது. இதைப் பணி தொடங்கும் முன்பே வாடிக்கையாளரிடம் சொல்லிவிட வேண்டும். கைபேசியில் குடும்பப் படங்களும் வங்கிச் செயலிகளும் இருக்கும். வேலைக்குத் தேவையில்லாமல் கடவுச்சொல் கேட்பதில்லை என்பதைச் சுவரில் எழுதி ஒட்டுவது நல்லது. பெண்கள் தயங்காமல் வர அந்த ஒரு வரி உதவும்.

9 வாட் எல்இடி பல்பைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. உள்ளே சிறு எல்இடிகள் தொடரிணைப்பில் இருப்பதால் ஒன்று அறுந்தாலும் எல்லாம் அணைந்துவிடும். ஆனால் நூறு ரூபாய் பல்புக்கு இருநூறு ரூபாய்க் கூலி கேட்க முடியாது. கடைக்கு இது கட்டுப்படியாகாத வேலை. வெளிப்படையாக அப்படியே சொல்லிவிடலாம். இணையத்தில் காணொளி பார்த்து வீட்டில் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மலிவான பல்புகள் பலவற்றில் எல்இடிப் பலகை மின்னிணைப்பிலிருந்து தனிமைப்படுத்தப்படுவதில்லை. எரியும்போது அதைத் தொட்டால் 230 வோல்ட்டைத் தொடுவதுபோல்தான்.

கருவிகளும் பாதுகாப்பும்

டிஜிட்டல் மல்டிமீட்டர், வெப்பநிலை கட்டுப்படுத்தும் சால்டரிங் நிலையம், ஈயம் உறிஞ்சும் பம்ப், சூடான காற்று ஊதும் எஸ்எம்டி கருவி, மின்தேக்கியை அளக்கும் மீட்டர், மாற்றத்தக்க டிசி மின்வழங்கி, மின்காப்பைச் சோதிக்கும் மெகர். தொடக்கத்துக்கு இவை போதும். அலைநோக்கி இருந்தால் நல்லது. முதல் ஆண்டிலேயே வேண்டியதில்லை.

இவற்றோடு காசு செலவில்லாத ஒரு கருவியும் உண்டு: சீரிஸ் பல்பு போர்டு. பழைய குண்டு பல்பு ஒன்றைச் சோதிக்கும் பொருளோடு தொடரிணைப்பில் இணைப்பார்கள். பொருளுக்குள் குறுக்குச்சுற்று இருந்தால் மின்னழுத்தம் முழுவதும் பல்பின்மேல் விழுந்து பல்பு பளிச்சென்று எரியும். பல்பின் மின்தடை மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதால் பலகை கருகாது, ஃபியூஸும் போகாது. பொருள் நன்றாக இருந்தால் பல்பு ஒரு கணம் மின்னி மங்கிவிடும். குண்டு பல்பின் இழை சூடாகச் சூடாக மின்தடை கூடுவது இங்கே பெரிய உதவி. எல்இடி பல்பால் இந்த வேலையைச் செய்ய முடியாது. பத்தாம் வகுப்புப் பாடத்தில் வரும் தொடரிணைப்பு, ஒவ்வொரு மெக்கானிக் மேசையிலும் இப்படி எரிந்துகொண்டிருக்கிறது.

பாதுகாப்பில் விளையாட்டு வேண்டாம். எஸ்எம்பிஎஸ் மின்வழங்கியில் 230 வோல்ட் மாறுமின்னோட்டம் திருத்தப்பட்டபின் முதன்மை மின்தேக்கியில் சுமார் 325 வோல்ட் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது இருக்கலாம். தகுந்த மின்தடை வழியாக இறக்கி, மீட்டரில் சுழி பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். ஸ்குரூ டிரைவரால் குறுக்கே தொட்டுப் பொறி பறக்கவிடுவது வீரமல்ல. மைக்ரோவேவ் அடுப்பின் மின்தேக்கியில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும், உயிரைப் பறிக்கும். தனிப் பயிற்சி இல்லாதவர்கள் அந்த அடுப்பை ஏற்கவே கூடாது. புடைத்த லித்தியம் பேட்டரியைக் குத்தவோ வளைக்கவோ கூடாது. மணல் நிரப்பிய உலோகப் பெட்டியில் தனியே வைக்க வேண்டும்.

கிரைண்டர் போன்ற, ஈரக்கையால் தொடும் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் முன், உலோக உடலுக்கும் பிளக்கின் எர்த் முனைக்கும் இணைப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும், மெகரால் மின்கசிவு சோதிப்பதும் கட்டாயம். சரிசெய்யாமல் திருப்பித் தரும் பொருளுக்கும் இது பொருந்தும். எர்த் இல்லாத கிரைண்டரைத் தெரிந்தே கொடுத்தனுப்புவதைவிட அந்த வாடிக்கையாளரை இழப்பது மேல்.

உதிரிபாகமும் உத்தரவாதமும்

ஒரே மின்தேக்கி மூன்று விலைகளில் கிடைக்கும். மலிவானது ஆறு மாதத்தில் திரும்பி வரும். நல்ல பாகமா, சாதாரண பாகமா என்பதை வாடிக்கையாளரிடமே கேட்டு ரசீதில் எழுதிவிடலாம். சார்ஜர், பவர் பேங்க் போன்றவை விற்றால் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவுக் குறியீடு உள்ளதையே விற்க வேண்டும். இறந்த பலகைகளிலிருந்து டயோடு, மின்மாற்றி, இணைப்பான் முதலியவற்றை எடுத்துப் பயன்படுத்தலாம்; மின்தேக்கியை மட்டும் பழையதில் எடுக்கக் கூடாது. செய்த அதே வேலைக்கு 90 நாள் உத்தரவாதம் தரலாம். மாதிரிக் கணக்கில் 1,500 ரூபாய் ஒதுக்கியது அதற்காகத்தான்.

சட்டமும் உதவித் திட்டங்களும்

பழுதுபார்க்கும் உரிமை என்ற கருத்து இந்தியாவிலும் பேசப்படுகிறது. நடுவண் அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்கு ஒரு குழு அமைத்தது. வேளாண் கருவிகள், கைபேசி மற்றும் டேப்லெட், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் இதற்கான இணையவாயில் தொடங்கப்பட்டது. சேவை மையங்கள், உத்தரவாதம், உதிரிபாகம் பற்றி நிறுவனங்கள் தரும் தகவல்களை அதில் ஒரே இடத்தில் பார்க்கலாம். பிரான்சு இன்னும் முன்னே போயிருக்கிறது. அங்கே 2021 ஜனவரியில், கைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி முதலியவற்றின்மேல் அது எவ்வளவு எளிதில் பழுதுபார்க்கத்தக்கது என்பதைப் பத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று ஒட்டி விற்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2024இல் பழுதுபார்ப்பு உரிமைக்கான ஆணையை நிறைவேற்றியது. சுற்றுவரைபடமும் உதிரிபாகமும் சிறிய கடைக்கும் கிடைக்கும் நிலை வந்தால், மேலே சொன்ன தேடல் நேரம் சட்டத்தாலேயே குறையும்.

தொழிலைப் பதிவுசெய்ய உத்யம் இணையதளம் உண்டு, கட்டணம் இல்லை. சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு பொதுவாகத் தேவையில்லை. முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் கிடைக்கும். மேலே சொன்ன கருவிகளில் பெரும்பகுதியை இதற்குள் வாங்கிவிடலாம். மானியத்தோடு கூடிய கடன்களுக்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுக வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் பிரிவு இரண்டாண்டுப் படிப்பு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். அதை முடித்தவர் உடனே கடை வைப்பதைவிட, நல்ல மெக்கானிக் ஒருவரிடம் ஓராண்டு உட்கார்ந்துவிட்டு வைப்பது நல்லது. குறிப்பேட்டை அந்த ஓராண்டிலேயே தொடங்கிவிடலாம்.

சரிசெய்ய முடியாதவை

மாதிரிக் கணக்கில் 50 பொருள்கள் திருப்பிக் கொடுக்கப்பட்டன. அவற்றில் பலவற்றை வாடிக்கையாளர் ‘நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று விட்டுப்போவார். ஐக்கிய நாடுகள் அமைப்புகள் வெளியிட்ட 2024 உலக மின்கழிவு அறிக்கையின்படி 2022இல் உலகில் உருவான மின்கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. செம்புக்காகக் கம்பியைக் கொளுத்துவதும், தங்கத்துக்காகப் பலகையை அமிலத்தில் ஊறவைப்பதும் செய்பவரையே முதலில் பாதிக்கின்றன.

இந்தியாவில் மின்கழிவு மேலாண்மை விதிகள், 2022 என்பவை 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பழுதுபார்ப்பு நிலையம் தன்னிடம் சேரும் கழிவைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும். சிறிய கடை ஒன்றால் மட்டும் ஒரு வண்டி நிறைய அனுப்ப முடியாது. பக்கத்து ஊர்களின் மூன்று நான்கு கடைகள் சேர்ந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே வண்டியில் ஏற்றலாம். அதுவரை பலகைகள், பேட்டரிகள், படக்குழாய்கள் ஆகியவற்றைத் தனித்தனியாக, மழை படாத இடத்தில் வைக்க வேண்டும். எடைபோட்டு வாங்கும் பழைய இரும்புக்காரர் அதைவிடக் கூடுதல் விலை சொல்வார். அந்த வித்தியாசத்தையும் மாதக் கணக்கில் ஒரு செலவாக எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.